அலமாரியில் ஆறு வருஷத் தண்ணீர்

காலை ஐந்தரை மணிக்குக் குடிநீர் விதி மறுபடியும் மாறியது; மேல்நிலைத் தொட்டியின் வால்வு தானாகவே பூட்டிக்கொண்டது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் முத்துப்பேச்சி இதுவரை கேள்விப்படாத ஒரு பொருளின் பெயர், தண்ணீரில் இருக்கக்கூடாது என்று சோதனைக் கருவியின் திரையில் மின்னியது.

குடத்தோடு வந்த மளிகைக்கடை வைகுண்டம் எரிச்சலாகக் கேட்டார்.

“ஏ பேச்சி, நேத்து குடிச்ச தண்ணிதான இது?”

“தண்ணி அதேதான் அண்ணாச்சி. விதிதான் மாறிட்டு.”

“அப்போ இத்தன நாளா என்னத்தக் குடிச்சோம்?”

பேச்சிக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. ஆறு வருஷமாக வாரம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதி எழுதி, அலமாரியில் அடுக்கி வந்தாள். பஞ்சாயத்து ஆபீசே சிரித்தது. இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கருவியில் வைத்தாள். முதல் இரண்டு வருஷமும் சுத்தம். மூன்றாம் வருஷம், ஏப்ரல் பதினொன்றாம் தேதி பாட்டிலில் அந்தப் பொருள் ஆரம்பித்தது. அதன் பிறகு எல்லாவற்றிலும் இருந்தது.

“அந்த வாரம் என்ன நடந்துச்சு?” என்றார் வைகுண்டம்.

பேச்சி பதிவேட்டைப் புரட்டினாள். “அப்போ வந்த விதிக்காக, இரும்புக் குழாயப் பூராத்தையும் பிடுங்கிட்டு இந்தப் புதுக் குழாயப் போட்டோம்.”

வைகுண்டத்தின் முகம் மாறியது. “அதுக்கு நாந்தான தேங்கா உடைச்சேன்.”

பேச்சி புதுக் குழாயில் ஏறும் முன், போர் மோட்டாரின் வாயிலேயே தண்ணீர் பிடித்துச் சோதித்தாள். சுத்தம். அங்கேயே குடங்களை வரிசையாக வைக்கச் சொன்னாள். முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பித் தேதி எழுதினாள்.

“இதுதான் நல்ல தண்ணியாச்சே, இத எதுக்குப் புடிச்சு வைக்கே?”

“திரையில அடுத்த பேரு இன்னும் வரலியே அண்ணாச்சி.”