மேசையில் நின்ற கட்டை

ஞாயிறு மதியம், சாந்தியாகோ நகரத்துப் பெட்டிக்கடை வாசலில் நால்வர் டொமினோ ஆடுகிறார்கள். ஒவ்வொரு கட்டையும் மேசையில் வெடிபோல் அறைபடுகிறது. அறை விழும்போதெல்லாம், நிறுத்திவைத்த தங்கள் கட்டைகள் சாயாமலிருக்க எல்லோரும் சட்டென்று கைகளால் அணைகட்டுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியோடு யுடெல்கா. வாரமெல்லாம் மருந்துக்கடையில் நிற்பவள், மூன்று மாதமாகத் தானே கற்றுக்கொண்டு இதே ஆட்டத்தைத் திரைக்குள் கட்டுகிறாள். திரையில் மெல்ல இறக்கினால் கட்டை மேசையில் நிற்கிறது. ஓங்கி அறைந்தால் மேசையை ஊடுருவித் தரைக்குப் போய்விடுகிறது. இந்தக் கணம் மேலே, அடுத்த கணம் கீழே. நடுவில் ஒரு மேசை இருந்ததே கணினிக்குத் தெரிவதில்லை.

"மெதுவா வைக்கச் சொல்லேன்டி," என்கிறாள் மிலாக்ரோஸ், கையிலிருக்கும் கட்டைகளிலிருந்து கண்ணெடுக்காமல்.

"மெதுவா வைக்க அது என்ன முட்டையா?" பேருந்து ஓட்டும் எலிஹியோ சீறுகிறார். "அறையத் தெரியாதவன் எங்கூட உக்காரவே கூடாது. உன் மேசைதான் மட்டம், புள்ள!"

"மேசை நல்லாத்தான் இருக்கு மாமா. இப்ப கணினியை, கட்டை வர்ற நடுவழியையும் பாத்துக்கிட்டே வரச் சொல்லிருக்கேன். பாருங்க."

திரையை அவர்கள் பக்கம் திருப்பி விசையை அழுத்துகிறாள். கட்டை பாய்ந்து இறங்குகிறது. டமார்! மேசையிலேயே நிற்கிறது, சுற்றியிருந்த கட்டைகள் துள்ளி விழுகின்றன. யுடெல்கா அதைப் பார்க்கவில்லை. நிஜ மேசையில், தங்கள் கட்டைகளை அவசரமாக அணைத்துப் பிடித்திருக்கும் எட்டுக் கைகளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.