டென்னிஸ் ஆடாதவள்

சுகந்தியின் வலது முழங்கையை அழுத்திப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண், அது டென்னிஸ் எல்போ என்றதும் கணவன் தனசேகர் அங்கேயே சிரித்துவிட்டான். "நீ எந்தக் கிரவுண்டுல டென்னிஸ் ஆடுன?" வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டு அதையே சொல்லிச் சிரித்தான். சுகந்தி காய்ந்த துண்டைச் சுருட்டி, அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி இரு கைகளாலும் மெல்ல முறுக்கி, மெதுவாக விட்டாள். முழங்கையில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பழுதான வாஷிங் மெஷினை அவன் இன்னும் சரிசெய்யவில்லை. வீட்டுத் துணியெல்லாம் அவள்தான் கையால் துவைத்துப் பிழிகிறாள். தனசேகர் பக்கெட்டில் ஊறிய போர்வையைச் சொட்டச் சொட்டத் தூக்கிவந்தான். "முறுக்குறதுதானே பயிற்சி? அப்படியே இதையும் பிழிஞ்சிடேன்." சுகந்தி எழுந்தாள். போர்வையின் ஒரு முனையை அவன் கையில் சுற்றிவிட்டாள். "கெட்டியாப் பிடிங்க." மறுமுனையை முறுக்கத் தொடங்கினாள். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு அதுவும் நின்றது. அவள் நிறுத்தவில்லை. போர்வை கயிறாகி அவன் விரல்களை நெரித்தது. "ஏய், விடுடி! கை வலிக்குது!" "மெதுவாத்தான் விடணும்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க," என்றபடி சுகந்தி இன்னொரு சுற்று முறுக்கினாள்.