மைனஸ் நாலு கிலோ

குற்றவாளி அவள்தான். அதில் அவளுக்கே சந்தேகம் இல்லை. பிசிக்ஸ் வாத்தியாருக்குத்தான் இன்னும் தெரியாது.

அவர் மேஜைமேல் இரண்டு விடைத்தாள்கள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. கயிற்றில் தொங்கும் கல்லின் நிறை என்ன என்பது கேள்வி. இரண்டிலும் ஒரே விடை: மைனஸ் நாலு கிலோ.

"இப்படி ஒரு கல் இருந்தா அது தொங்காது. கயித்தையும் தூக்கிட்டு மேல போயிடும்" என்றார் வாத்தியார்.

முப்பது பேர் கொண்ட வகுப்பில் வேறு யாரும் இந்தச் சாதனையைத் தொடவில்லை. ஒருவர் சொந்தப் புத்தியில் சொதப்பியிருக்கிறார், இன்னொருவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது அவர் முடிவு. சொதப்பியவருக்கு மறுதேர்வு உண்டாம். பார்த்து எழுதியவருக்கு இன்றோடு அட்வான்ஸ்டு பிசிக்ஸ் கிடையாது, சாதாரணப் பிரிவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்த அன்றே அவள் அம்மா சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒருத்தரையும் விடாமல் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தாள். அத்தனை பேருக்கும் மறுபடி போன் போடுவதை நினைத்தாலே அழுகை வந்தது.

ஆனால் அவள் என்னதான் செய்வாள்? வாத்தியார் வலது கையால் போர்டில் எழுதிக்கொண்டே இடது கையால் அழித்துக்கொண்டு போகிற ரகம். முதல் மாதம் பாதி புரிந்தது. இரண்டாம் மாதம் போர்டின் மூலையில் இருந்த தேதி மட்டும் புரிந்தது. புரிகிறதா என்று அவர் கேட்கும்போதெல்லாம் எல்லோரோடும் சேர்ந்து அவளும் தலையாட்டி வைத்தாள்.

அவளைக் கரையேற்றியவன் பக்கத்தில் உட்காருகிற புரொபசர். சோடாபுட்டிக் கண்ணாடி, ஒரு நாளும் சந்தேகம் கேட்காத வாய். அது போதாதா, வகுப்பே சேர்ந்து பட்டம் கொடுத்துவிட்டது. வாரத் தேர்வில் தாள் காலியாகத் தெரியக் கூடாதே என்று அவள் கைக்கு வந்ததைப் பென்சிலால் மளமளவென்று கிறுக்கிவிட்டுக் காத்திருப்பாள். புரொபசர் கூரையைப் பார்த்து நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பான். அப்புறம் ஓரக்கண், அப்புறம் ரப்பர், அப்புறம் அவன் விடை.

சமீபமாக ரப்பருக்குக்கூட வேலை குறைந்திருந்தது. அவள் கிறுக்கியதும் அவன் எழுதியதும் தானாகவே ஒத்துப்போயின. ஒருவழியாக பிசிக்ஸ் தன் மண்டையில் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அவள் பூரித்துப்போய், பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினாள். வாரத் தேர்வுத் தாள்களை அலமாரியில் போட்டுப் பூட்டுவதோடு சரியென்று இருந்த வாத்தியாருக்கு, இந்த வாரம் பார்த்துத் திருத்துகிற ஆசை வந்து தொலைத்தது.

பக்கத்தில் புரொபசர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். இத்தனை நாள் காப்பாற்றியவனை நட்டாற்றில் விட அவளுக்கு மனசு வரவில்லை. அம்மா திட்டினால் திட்டட்டும்.

"நான்தான் சார். இவனைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் எழுதினேன்."

வாத்தியார் பெருமூச்சு விட்டார். வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவை வைத்தார். அடிப்பதற்கு முன் புரொபசரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது இருக்கட்டும். கல்லுக்கு மைனஸ்ல நிறை வருதே, உனக்குக்கூடவா உறைக்கலை?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்பப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"உறைச்சுது சார். இவ போட்டா சரியாத்தான் இருக்கும்னு நானும் போட்டுட்டேன்."