எவாரிஸ்தோவின் இருமல்

அடுப்புப் புகையைக் கிழித்துக்கொண்டு வெயில் விழும் இடத்தில், கறுப்புக் கினிப்பன்றியை மடியில் கிடத்தியிருக்கிறேன். கழுத்தெல்லாம் முடி கொட்டிச் செதில் செதிலாக இருக்கிறது. விரல் பட்டாலே கீச்சிடுகிறது. போன மாதம் வைத்தியர் இதை என் கணவர் எவாரிஸ்தோவின் மார்பில் தேய்த்து, இருமல் இதற்குள் இறங்கிவிட்டது என்றார். வழக்கம்போல் அதை அறுத்துவிடாமல் உயிரோடு வைத்திருந்தால் இருமலும் உள்ளேயே கிடக்கும் என்பது எவாரிஸ்தோவின் சொந்தக் கணக்கு. மற்ற கினிப்பன்றிகள் அடுப்போரம் கூட்டமாகத் திரிய, இது மட்டும் நாறிப்போன வைக்கோலில், பெட்டிக்குள் தனியே. எவாரிஸ்தோ கத்துகிறார்: "செபெரினா, தொடாதே! அதுக்குக் குணமானா என் இருமல் எனக்கே திரும்பிடும்." "இது இருமல் இல்லய்யா, சொறிப்பூச்சி! உன் நோயைச் சுமக்க இது என்ன உன் கூலியாளா? வந்தா வரட்டும். உன் இருமல்தானே, நீயே வச்சுக்கோ!" பிடரியில் ஒரு சொட்டு மருந்து விடுகிறேன். கூட்டத்திலிருந்து துணைக்கு ஒரு பழுப்புப் பெட்டையைத் தூக்கி, சொறி தொற்றாமலிருக்க அதற்கும் ஒரு சொட்டு விட்டு, புது வைக்கோல் போட்ட பெட்டிக்குள் இரண்டையும் இறக்குகிறேன். மூக்கோடு மூக்கு முட்டி மெல்ல முனகுகின்றன. நான் நீட்டும் குதிரைமசால் தண்டை ஆளுக்கொரு பக்கம் கடிக்கின்றன. வாசலில் நின்று எவாரிஸ்தோ, வராத இருமலை வலிய இழுத்து இருமுகிறார். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.