போடாத ஓட்டு

"எங்கய்யா அந்த மனுஷன்? எங்க போய்த் தொலைஞ்சான்?"

சட்டசபை வராந்தாவில் எதிர்க்கட்சிக் கொறடா குதியாய்க் குதித்துக்கொண்டிருந்தார். பின்னே? சபையைக் கலைத்துவிட்டு உடனே தேர்தல் நடத்தச் சொல்லும் தீர்மானம். இரண்டு பக்கமும் சமமான ஓட்டு. சபாநாயகர் தன் ஓட்டை ஆளுங்கட்சிக்குப் போட்டுத் தோற்கடித்துவிட்டார்.

ஓட்டுக்கு மணி அடித்தபோது ஓர் ஆளைக் காணோம். அதுவும் யார்? காலையிலிருந்து "மக்களைச் சந்திக்கப் பயமா?" என்று தொண்டை கிழியக் கத்திய 'இடி'!

கேன்டீனில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார் இடி.

"மணி அடிச்சது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"டீ சூடா இருந்துச்சு."

கொறடாவுக்கு வந்ததே கோபம்! "அவங்க ஆளு ஒருத்தன் இன்னிக்கு வரவேயில்ல. நீங்க வந்திருந்தா ஜெயிச்சிருப்போம். யார்கிட்ட விலை போனீங்க? தலைவர் உங்களைக் கட்சியைவிட்டே தூக்கப்போறார்!"

"தூக்கட்டும்."

போனில் ஏதோ செய்தி வந்தது. இடி அதைப் பார்த்தார், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

'இவ்வளவு அவசரமா யாரைப் பார்க்க ஓடறான்? இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கறேன்!' கொறடாவும் பின்னாலேயே காரை விட்டார்.

இடியின் கார் ஆஸ்பத்திரியில் போய் நின்றது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கசங்கிய சட்டையோடு ஒருவர். சபைக்கு வராத அதே ஆளுங்கட்சி உறுப்பினர்! இடியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"என் பொண்ணு பொழைச்சுட்டாண்ணே! உள்ள போறவரைக்கும் என் விரலை விடவே இல்ல. அந்த நேரத்துல, 'நீ இங்கேயே இருப்பா, நீ போடாத ஓட்டை நானும் போடல'ன்னு நீங்க போன்ல சொல்லலேன்னா..."

"அட விடப்பா. பாப்பா இங்க படுத்திருக்கறப்ப ஜெயிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறோம்? தேர்தல் வரட்டும், அப்ப உன்னை ஒரு கை பார்த்துக்கறேன்."

திரும்பிய இடி, கொறடா நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"வெளிய சொல்லிடாதீங்க. எதிர்க்கட்சிக்காரனை நம்பி சபைக்கு வராம இருந்தான்னு இவனை இவன் கட்சியில உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

கொறடா வாயைத் திறக்குமுன் அவர் போன் அடித்தது. தலைவர்!

"அந்தத் துரோகியை நீக்கி அறிக்கை விடப்போறேன். ஏன் வரலையாம்?"

கொறடா அந்தத் தகப்பனை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவர் மேல தப்பில்ல தலைவரே. ஓட்டெடுப்பு சாயங்காலம்தான்னு அவருக்குத் தப்பாச் சொன்னது நான். நீக்கறதா இருந்தா என்னை நீக்குங்க."