பதினோரு புத்தகங்கள்

“பெண் ஓவியர்களா? நம்ம லைப்ரரில ஒரு புக்கும் இல்லம்மா. தலைப்பை மாத்து,” என்று ஆய்வு வழிகாட்டி முரளிதரன் மூன்றாவது முறையாகச் சொன்னதும், அஷ்வினி நேராக நூலகத்துக்கே போய்விட்டாள்.

நூலகர் கெம்பையன் கணினியைத் தட்டினார். “பதினோரு புக்கு இருக்குதுங்க. ஆனா எல்லாம் வெளிய போயிருக்கு. ஒரே கார்டுல.”

“யாரோட கார்டு?”

“உங்க முரளிதரன் சாரோடதுதானுங்க.”

அன்று மாலையே சரஸ்வதிபுரத்தில் அவர் வீட்டு மணியைக் கோபத்தோடு அழுத்தினாள். கதவைத் திறந்த அவர் மனைவி கனகாவின் விரல்களில் நீலமும் மஞ்சளும் அப்பியிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இருபது வருஷமா அவர் கார்டுல புக்கு மாத்திட்டு வர்றது நான்தாம்மா. அவர் லைப்ரரி படியே ஏறினதில்ல.”

அஷ்வினியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் பதினோரு புத்தகங்கள். அடுப்புக்கு எதிரே காயாத ஓவியம் ஒன்று சாய்ந்திருந்தது.

“சார் பார்த்ததே இல்லையா, மேடம்?”

“சமையலறைக்குள்ள வர்றதா? அவரா?”

ஹாலிலிருந்து முரளிதரனின் குரல் வந்தது. “யாரு கனகா, அஷ்வினியா? லைப்ரரில ஒண்ணும் இல்லன்னு சொல்லு!”

கனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் புத்தகத்தை உருவி நீட்டினாள்.

“உங்க சார் சரியாத்தான் சொல்றார். லைப்ரரில ஒண்ணும் இல்ல.”