முள் ஏறவில்லை

உப்பளக் குடிசைகளில் கரண்ட் கிடையாது. ரோசலி தன் போனைக் கணவன் சவரிமுத்துவின் வாடகைக் காரில்தான் சார்ஜ் போடுவாள். காலையில் வண்டி கிளம்பாதபோதெல்லாம், "பேட்டரிய குடிக்கது உன் போனுதான்ட்டி" என்பான். போன வாரம் சார்ஜரைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

அதன் பிறகும் வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் காசிம் இஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்தார். முள் ஏறவில்லை.

"டைனமோலேர்ந்து சார்ஜே வரலடே. உப்புக்காத்து ஒயர தின்னுருக்கு. புது பேட்டரி போட்டாலும் இதே கதிதான்."

"போன் சார்ஜ் போட்டதால இல்லையா பாய்?"

"போனா? யானைக்குக் கொசு கடிச்ச மாதிரி." காசிம் சிரித்தார்.

சவரிமுத்து ரோசலியை அழைத்தான். சுவிட்ச் ஆஃப். அவள் அம்மா வீடும் உப்பளத்தில்தான் இருக்கிறது.